20 கி.மீ. சொல்லும் சாட்சி: மாரத்தானுக்குத் தயாரா என்று அறியும் கணக்கு

4 மணி நேரத்தில் ஃபுல் மாரத்தானை முடிக்க வேண்டுமானால் கி.மீ.க்கு 5 நிமிடம் 41 விநாடி. 240 நிமிடத்தை 42.195 கி.மீ.க்குப் பங்கிட்டால் வருவது இது. சென்னையின் ஜனவரி ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் பலரும் அக்டோபரிலிருந்தே ஞாயிறு விடியலில் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் இந்த வேகத்தைப் பிடித்துப் பார்க்கிறார்கள். லாங் ரன்னில் 20 கி.மீ. பிடித்துவிட்டால் தயார் என்று முடிவுகட்டியும் விடுகிறார்கள்.

வேகம் வந்ததா என்பது பாதிக் கேள்விதான். அந்த வேகத்துக்கு உடம்பு என்ன விலை கொடுத்தது என்பது மீதிப் பாதி. 65 கிலோ எடையும் 4 மணி நேர இலக்கும் உள்ள ஒருவரை உதாரணமாக வைத்து அந்த விலையை எழுதிப் பார்ப்போம்.

இலக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1977இல் வெளியிட்ட வாய்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தூரம் இரட்டிப்பானால் நேரத்தை 2-இன் 1.06 அடுக்கால், அதாவது ஏறத்தாழ 2.085ஆல், பெருக்க வேண்டும்.

- ஹாஃப் மாரத்தான் நேரம்: 1 மணி 55 நிமிடம்
- 1.06 அடுக்கில் ஃபுல்: 3 மணி 59 நிமிடம் 46 விநாடி
- 1.10 அடுக்கில் ஃபுல்: 4 மணி 6 நிமிடம் 30 விநாடி

வாரத்துக்குக் குறைவான தூரமே ஓடுகிறவர்களுக்கு 1.06 தாராளமான மதிப்பு. அடுக்கில் 0.04 கூடினால் 7 நிமிடம் போய்விடுகிறது. ஹாஃப் நேரத்தை மட்டும் நம்பி இலக்கு வைத்தவருக்கு இந்த 7 நிமிடம் எந்தப் பக்கம் என்று காட்டுவதுதான் லாங் ரன்னின் வேலை.

இன்னொன்று: முறைப்படி அளக்கப்படும் பாதையில் தூரம் குறைந்துவிடாமலிருக்க 0.1 சதவீதம், அதாவது 42 மீட்டர், கூட்டியே வைப்பார்கள். வளைவுகளில் அகலமாகத் திரும்பினால் வாட்ச் 42.5 கி.மீ. காட்டும். அப்போது தேவைப்படும் வேகம் 5:39. 

சோதனை ஓட்டம்: 29 கி.மீ.

- முதல் 6 கி.மீ., 6:40 வேகத்தில்: 40 நிமிடம்
- அடுத்த 20 கி.மீ., 5:41 வேகத்தில்: 113 நிமிடம் 40 விநாடி
- கடைசி 3 கி.மீ., 6:40 வேகத்தில்: 20 நிமிடம்
- மொத்தம்: 2 மணி 53 நிமிடம் 40 விநாடி

தூரத்தில் இது மாரத்தானின் 69 சதவீதம். இலக்கு வேகத்தில் ஓடியதை மட்டும் எடுத்தால் 47 சதவீதம். பாதிக்கும் குறைவான சாட்சியை வைத்து முழுத் தீர்ப்பு எழுத வேண்டியிருப்பதால், இதயத் துடிப்பையும் கூண்டில் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் இந்த 20 கி.மீ.யை 5 கி.மீ.க்கு 28:25 வீதம் ஒரே சீராக ஓடியதாக வைத்துக்கொள்வோம்.

| 5 கி.மீ. | நேரம் | முதலாமவர் துடிப்பு | இரண்டாமவர் துடிப்பு |
|---|---|---|---|
| 1 | 28:25 | 150 | 151 |
| 2 | 28:25 | 152 | 156 |
| 3 | 28:25 | 154 | 162 |
| 4 | 28:25 | 156 | 169 |

முதலாமவரின் முன்பாதிச் சராசரி 151, பின்பாதிச் சராசரி 155, ஏற்றம் 2.6 சதவீதம். இரண்டாமவருக்கு 153.5இலிருந்து 165.5, ஏற்றம் 7.8 சதவீதம். நேரம் இருவருக்கும் ஒன்றே. பயிற்சியாளர்கள் பரவலாகக் கொள்ளும் எல்லை 5 சதவீதம். போட்டி நாளில் இதே 26ஆவது கி.மீ.யில் நிற்கும்போது இன்னும் 16 கி.மீ. பாக்கி. முதலாமவர் அதை உடம்பிடம் கேட்டு வாங்கலாம். இரண்டாமவருக்குக் கையிருப்பு அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

எரிபொருள் வரவு செலவு

ஓட்டத்தில் கிலோ எடைக்கு, கி.மீ.க்குச் சுமார் 1 கிலோகலோரி செலவாகும்.

- செலவு: 65 × 42.195 = 2,743 கிலோகலோரி
- இருப்பு: தசையிலும் ஈரலிலும் சேர்ந்து சுமார் 500 கிராம் கிளைகோஜன், 2,000 கிலோகலோரி
- வரவு: மணிக்கு 45 கிராம் மாவுச்சத்து, 4 மணிக்கு 180 கிராம், 720 கிலோகலோரி

கொழுப்பும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் கையில் இருக்கும் கிளைகோஜனைக் காலுக்கு அனுப்ப முடியாது. அந்தந்தத் தசையின் இருப்பு அந்தந்தத் தசைக்கே. 30 கி.மீ.க்குப் பிறகு தொடை கனத்துப்போவது இதனால்தான்.

ஒரு ஜெல்லில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். சோதனை ஓட்டத்துக்கு 6, போட்டிக்கு 8 தேவை. ஓஆர்எஸ் குடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி கரைத்த 1 லிட்டர் ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், 54 கிலோகலோரி. அது உப்புக்கும் நீருக்கும் உதவும், எரிபொருளுக்கு ஆகாது.

புழுக்கக் கணக்கு

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஈர உடையைக் கழற்றிவிட்டு எடை பார்த்தால் வியர்வை தெரிந்துவிடும். உதாரணமாக:

- முன் எடை 65.0, பின் எடை 63.2 கிலோ: இழப்பு 1.8
- வழியில் குடித்தது: 1.2 லிட்டர்
- மொத்த வியர்வை: 3 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ 1.04
- 4 மணிக்கு: 4.1 லிட்டர்

எடை இழப்பை 2 சதவீதத்துக்குள், அதாவது 1.3 கிலோவுக்குள், நிறுத்த வேண்டுமென்றால் 2.8 லிட்டர் குடிக்க வேண்டும். மணிக்கு 700 மி.லி. வியர்வைக்கு மேல் குடிப்பதும் ஆபத்து. ஓட்டம் முடிந்தபின் எடை கூடியிருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும் அபாயம் உண்டு.

புழுக்கம் எவ்வளவு பறிக்கும் என்பதற்கு 2019 தோஹா உலகத் தடகளப் போட்டி சாட்சி. நள்ளிரவில் தொடங்கியும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல். மகளிர் மாரத்தானில் புறப்பட்டவர்கள் 68 பேர். முடித்தவர்கள் 40 பேர். வென்ற கென்ய வீராங்கனையின் நேரம் 2:32:43. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அவர் ஓடியது 2:17:08. பதக்கத்துக்கான நிதானமும் அதில் உண்டு என்றாலும் 15 நிமிடம் 35 விநாடி, 11 சதவீதம், சிறிய இழப்பு இல்லை.

சென்னையில் அக்டோபர் விடியல் சராசரியாக 24, 25 டிகிரி. ஜனவரியில் 21 டிகிரியை ஒட்டி. அக்டோபரில் துடிப்பு 6 சதவீதம் ஏறினால் மனம் தளர வேண்டியதில்லை. டிசம்பரில் அதே 6 வந்தால் இலக்கைத் திருத்த வேண்டும்.

பணமும் நாளும்

7,000 ரூபாய் ஷூ 700 கி.மீ. உழைக்கும் என்று வைத்தால் கி.மீ.க்கு 10 ரூபாய். ஜெல் 120 ரூபாய், ஓஆர்எஸ் பாக்கெட் 22 ரூபாய் என்று கொண்டால்:

- ஷூ தேய்மானம், 29 கி.மீ.: ரூ. 290
- ஜெல் 6: ரூ. 720
- ஓஆர்எஸ் 2: ரூ. 44
- மொத்தம்: ரூ. 1,054

இன்னும் கொஞ்சம் செலவழித்து 42 கி.மீ.யையும் ஓடிப் பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காதே என்று தோன்றும். அங்கேதான் பெரிய செலவு. 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் 2:11:18 ஓடிய நியூசிலாந்து வீரர் ஜாக் ஃபாஸ்டரின் பெயரால் ஒரு விதி உண்டு: போட்டி வேகத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் மென்மையான ஓட்டம். 42.195 கி.மீ. என்பது 26.2 மைல். போட்டிக்கு 35 நாள் இருக்கும்போது முழுத் தூரம் ஓடினால் 26 நாள் தேறுவதற்கே போகும். பயிற்சிக்கு மிஞ்சுவது 9 நாள். இலக்கு வேகத்தில் 20 கி.மீ. என்பது 12.4 மைல், அதே விதிப்படி 12 நாளில் கால் திரும்பிவிடும்.

ஆகவே சோதனையை மூன்றாகப் பிரிப்பது நல்லது. போட்டிக்கு 9 வாரம் முன் 12 கி.மீ., 6 வாரம் முன் 16 கி.மீ., 3 அல்லது 4 வாரம் முன் 20 கி.மீ. இலக்கு வேகத்தில். ஒவ்வொரு முறையும் போட்டி நாளில் குடிப்பதையே குடித்து, போட்டுக்கொள்ளும் ஷூவையே போட்டு.

தீர்ப்பு

கடைசிச் சோதனையில் இந்த நான்கும் சேர்ந்து வந்தால் 4 மணி நேர இலக்கு நியாயமானது:

- நான்கு 5 கி.மீ.களுக்குள் வித்தியாசம் 20 விநாடிக்குள்
- துடிப்பு ஏற்றம் 5 சதவீதத்துக்குள்
- 6 ஜெல்லும் வயிற்றில் தங்கியது
- 3 நாளில் வலியில்லாமல் மறு ஓட்டம்

துடிப்பு தவறினால் இலக்கை 4 மணி 10 நிமிடத்துக்கு இறக்க வேண்டும், கி.மீ.க்கு 5:55. இந்த 14 விநாடியை விட்டுக்கொடுக்கப் பலருக்கும் மனம் வராது. 5:41ஐயே பிடித்துக்கொண்டு 30 கி.மீ.க்குப் பின் கி.மீ.க்கு ஒரு நிமிடம் இழந்தால் 12 நிமிடம் போகும், 4:12. டிசம்பரிலேயே 10 நிமிடத்தை விட்டுக்கொடுத்தவர் அவரைவிட 2 நிமிடம் முன்னால், நல்ல காலோடு முடிப்பார்.