இனிப்பே தொடாம சுகர் ஏறுமா?

போன மாசம் அப்பாவோட ஃபாஸ்டிங் சுகர் திடீர்னு ஏறியிருந்தது. "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? உண்மையைச் சொல்லுங்கப்பா"ன்னு கேட்டேன். "ரெண்டு இட்லிடா, வேற ஒண்ணும் இல்ல"ன்னார். நான் நம்பல. தங்கச்சி கல்யாண டென்ஷன்ல அவர் ஒரு வாரமா சரியாவே தூங்கல. அது எனக்குத் தோணவே இல்ல.

டென்ஷனுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்? பதில் கல்லீரல்ல இருக்கு.

கல்லீரல் செல்கள் குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்து கிளைக்கோஜனாச் சேமிச்சு வைக்கும். அதைக் கண்ணி கண்ணியாகக் கழற்றுற என்சைம், பாஸ்பாரிலேஸ். அதை 'ஆன்' பண்றது, பதற்றத்துல சுரக்கிற அட்ரினலின். ஓடவோ சண்டை போடவோ உடம்புக்கு உடனே எரிபொருள் வேணுமே!

எப்படி ஆன் ஆகுது? 1950-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஏர்ல் சதர்லேண்ட் குழு, அரைத்த கல்லீரல்ல அட்ரினலினைச் சேர்த்தாங்க. என்சைம் ஆன் ஆச்சு. செல் சவ்வுத் துண்டுகளைப் பிரிச்சு எடுத்துட்டுச் சேர்த்தா, ஆகல. அப்புறம் சவ்வுத் துண்டுகளோட மட்டும் அட்ரினலினைச் சேர்த்து, கொதிக்க வச்சு, அந்தத் திரவத்தை மீதியில ஊத்தினாங்க. மறுபடியும் ஆன்!

அதாவது, அட்ரினலின் வாசலோட நின்னுடும். உள்ள தகவல் கொண்டு போறது வேற ஒரு சின்ன மூலக்கூறு: சைக்ளிக் ஏ.எம்.பி. இதுக்காக சதர்லேண்டுக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைச்சது.

அந்தத் தகவல் ஒரு என்சைமை எழுப்ப, அது இன்னொண்ணை எழுப்ப, கடைசியில பாஸ்பாரிலேஸ் மேல ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கும். அதுதான் சுவிட்ச். பாஸ்பேட்டைக் கழற்றினா ஆஃப். இதைக் கண்டுபிடிச்ச எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் ரெண்டு பேருக்கும் 1992-ல் நோபல்.

இன்னொரு ஹார்மோன், கார்ட்டிசால். இது நிதானமான ஆளு. செல்லுக்குள்ளேயே போய், மரபணுக்கள் வழியா, புதுசா குளுக்கோஸ் தயாரிக்கிற என்சைம்களைக் கூட்டும். மணிக்கணக்கில் வேலை செய்யும்.

எல்லாருக்கும் இப்படிச் சுகர் ஏறும், இன்சுலின் இறக்கிடும். டயாபடீஸ் இருக்கிறவங்களுக்கு அந்த பிரேக் சரியாப் பிடிக்காது.

அதுக்காக, "டென்ஷன்தான்"னு நாமளே முடிவு பண்ணி மாத்திரையில கை வைக்கக் கூடாது. தொடர்ந்து ஏறினா டாக்டரைப் பாருங்க. நான் மாத்திக்கிட்டது ஒண்ணுதான். மீட்டர்ல நம்பர் ஏறினா இப்ப முதல்ல, "நல்லாத் தூங்குனீங்களாப்பா?"ன்னுதான் கேக்கறேன்.