புறாமலையிற் கண்ட உயிர்க்கல்

விடுமுறை வந்தால் எங்கேனும் போய்வரவேண்டுமென்று பிள்ளைகள் நச்சரிப்பது எல்லா வீட்டிலும் உள்ளதே. இம்முறை நாம் திருகோணமலைக்குப் புறப்பட்டோம். விடியுமுன் யாழ்ப்பாணத்தை விட்டு, கண்டி வீதி வழியே வவுனியாவை அடைந்து, அங்கிருந்து ஹொரவப்பொத்தானையூடாகச் சென்றோம். மாலையிற் கோணேசப் பெருமானைத் தரிசித்து, மறுநாட் காலை நிலாவெளிக் கடற்கரையிற் படகேறினோம்.

கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிற் கடலினின்று எழுந்து நிற்கும் பாறைத் தீவே புறாமலை. பாறையிடுக்குகளிற் கூடு கட்டும் மாடப்புறாக்களே அதற்குப் பெயர் தந்தவை. ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்கு இலக்காகவிருந்த இத்தீவு, 1963ஆம் ஆண்டிற் சரணாலயமாகி, 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. சோளகம் வீசும் மாதங்களிற் கீழ்க்கரைக் கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும்; அங்கு செல்ல உகந்த காலம் அதுவே.

படகு கரை சேர்ந்ததும் இளைய மகன் முழங்காலளவு நீரில் இறங்கி, அருகிலிருந்த மேடொன்றில் ஏறக் காலைத் தூக்கினான்.

“தம்பி, அதிலை மிதியாதை! அது கல்லில்லை, உயிர்!” என்று படகோட்டி கூவினார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அது முருகைக்கல். எண்ணற்ற சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தைக் கொண்டு தமக்கு உறையமைத்து, தலைமுறை தலைமுறையாக எழுப்பிய ஊர் அது. உருண்டை வடிவான முருகை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளரும். மான்கொம்புபோற் கிளைவிடுவது விரைந்து வளருமாயினும் எளிதில் முறியும். ஒருவர் ஒருமுறை மிதித்தாற் போதும், பல்லாண்டு உழைப்பு நொறுங்கிவிடும்.

மகனைக் கண்டித்த நாமே சிறிது நேரத்திற் பிழை செய்தோம். கரையில் இறந்த முருகைத் துண்டுகள் வெண்ணிறமாய்க் குவிந்து கிடந்தன. வகுப்பிற் காட்டலாமென்று அழகியதொன்றை எடுத்துப் பையுள் இட்டோம். உயிரற்றதுதானே என்பது எம் எண்ணம். மகள் அதைக் கண்டுவிட்டாள்.

“அப்பா, வாற எல்லாரும் ஒவ்வொண்டு எடுத்தால் கரை மிஞ்சுமோ?”

மறுமொழி சொல்ல இயலவில்லை. அத்துண்டுகளே அலையில் அரைபட்டு வெண்மணலாகின்றன. இளமுருகை பற்றிக்கொள்ளும் தளமும் அவையே. எடுத்துச் செல்வதைச் சட்டமும் தடுக்கின்றது. நாணத்தோடு எடுத்த இடத்திலேயே வைத்தோம்.

திரும்பும் வழியில் மகன் கேட்டான்: “நெடுந்தீவிலை பெரியம்மா வீட்டு மதிலும் முருகைக்கல்லுத்தானே? அதுவும் உயிராய் இருந்ததோ?”

ஆம், இருந்தது. அம்மதில் மட்டுமன்று, யாழ்ப்பாணக் குடாநாடே மயோசின் காலக் கடலடியிற் படிந்த சுண்ணக்கல்லால் ஆனது. கடலுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் இறுகி உண்டான நிலம் இது. எம் கிணறுகளுக்கு நீர் தேக்கித் தருவதும் அக்கல்லே.

பெயரறியா அச்சிற்றுயிர்களின் உழைப்பின்மேல் வீடு கட்டி, கிணறு வெட்டி வாழும் நாம், அவற்றின் வழித்தோன்றல்களை மிதித்தழிப்பது தகுமோ? புறாமலைக்குச் செல்லும் பெற்றோர், பிள்ளைகளைப் படகினின்று இறக்குமுன் இதனைச் சொல்லி இறக்குவார்களாக. தம் பைகளையும் வெறுமையாகவே கொண்டு திரும்புவார்களாக.