கட்டி முடித்த சிறிய வீடே பெரிய வீடு

போரினால் கூரையிழந்த வன்னி மக்களைத் தறப்பாள் கொட்டில்களிலிருந்து கல்வீடுகளுக்கு அழைத்துச் சென்ற திட்டங்களுள் இந்திய வீடமைப்புத் திட்டம் முதன்மையானதாகும். மெனிக் பாம் முகாம் மூடப்பட்ட 2012 ஆம் ஆண்டிலேயே அதன் பிரதான கட்டமும் ஆரம்பமானது. பயனாளி ஒருவருக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. திட்டமிடப்பட்ட வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. அதனைக் கட்டும் பொறுப்பு பயனாளியிடமே விடப்பட்டது.

சதுர அடிக்கு ஆயிரம் ரூபா என்ற இந்தக் கணக்கில்தான் பல குடும்பங்கள் இடறின. கட்டுவதோடு கட்டுவதாக இன்னுமோர் அறையையும் சேர்ப்போம் என்று அத்திவாரத்தை அகலப்படுத்தியோர் பலர். பணமோ வேலையின் படிநிலைகளுக்கேற்பத் தவணைகளாகவே கிடைத்தது. அத்திவாரம் 150 சதுர அடி கூடினால் சுவரும் கூரையும் சேர்ந்தே கூடும். ஒரு படிநிலை முடியாமல் அடுத்த தவணை வராது. இடைவெளியை நிரப்ப நகைகள் அடகுக்குச் சென்றன, கடன் ஏறியது. பூச்சில்லாத சுவர்களும் கதவில்லாத யன்னல்களும் எஞ்சின. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு இச்சுமை மேலும் கொடிதாயிற்று.

இதற்கு மக்களின் ஆசையை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் மீண்டபோது, பிள்ளைகள் வளர்ந்து தனிக் குடும்பங்களாகியிருந்தனர். முகாம்களில் ஆண்டுகளைக் கழித்த தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதுவே. அவர்களுக்கு மேலதிக அறை ஆடம்பரமல்ல, தேவை.

ஆயினும் அத்தேவையை நிறைவு செய்ய வேறு வழியுண்டு. உறங்க ஒரு குடில், சமைக்கத் தனியாக ஒரு குசினி, இருந்து பேச மரநிழல் என்பதே வன்னியின் பழைய வாழ்முறை. வீடு சிறிது, வளவு பெரிது. கல்வீட்டை முதலில் முடித்துவிட்டு, கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றைப் பக்கத்தில் இறக்குவதற்குப் பெருங்கடன் தேவையில்லை.

தளபாடங்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். பத்தடிக்குப் பத்தடி அறையில், ஆறடிக்கு ஐந்தடிக் கட்டில் ஒன்று மூன்றிலொரு பங்களவு இடத்தைப் பிடித்துவிடும். பாயைக் காலையில் சுருட்டி வைத்தால் அவ்வறையே பிள்ளைகளின் படிப்பறையாகும், தொழுகைக்கும் இடமாகும். விறாந்தையில் சீமெந்துத் திண்ணை கட்டினால் கதிரைகள் குறையும். சுவர் எழும்பும்போதே தட்டுகளைப் பதித்துவிட்டால் அலுமாரிச் செலவு மிஞ்சும். அவற்றிலொன்று சுவாமித் தட்டாகவும் அமையலாம். யன்னல்களை எதிரெதிரே வைத்தால் காற்று ஊடறுத்துச் சென்று வெக்கையைத் தணிக்கும்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி சீமெந்தினதும் கம்பியினதும் விலைகளைப் பன்மடங்கு உயர்த்தியதை நாம் மறந்துவிடவில்லை. எனவே இனி வரும் வீடமைப்புத் திட்டங்களில், சுவர்த்தட்டும் திண்ணையும் பின்னர் அறை சேர்ப்பதற்கான வழியும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். உதவித்தொகையும் சந்தை விலையை ஒட்டி அமைய வேண்டும். பாதியில் நிற்கும் பெரிய வீட்டைவிட, கடனின்றிக் கதவு பூட்டி உறங்கக்கூடிய சிறிய வீடே மேலானது.