ஒலிநாடாவில் எஞ்சிய தவில்

யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே மேளச் சமா முடிந்து சனங்கள் கலைந்த பின்னரும் கலையாது நிற்கும் சிறு கூட்டம் ஒன்று உண்டு. தேர்முட்டியடியிலோ தேநீர்க்கடை வாங்கிலோ இருந்துகொண்டு, அன்று கேட்ட வாசிப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசுவது இவர்களுக்குப் பொழுதுபோக்கன்று. ஏறக்குறைய ஒரு கடமை. பேச்சு எங்கே தொடங்கினாலும் ஈற்றில் ஒரு பெயரிலே வந்து நிற்கும். அது தவில் வித்துவான் தட்சணாமூர்த்தியின் பெயர். இணுவிலைச் சேர்ந்த தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாக 1933ஆம் ஆண்டிலே பிறந்து, அளவெட்டியிலே வாழ்ந்து, 1975ஆம் ஆண்டிலே 42 வயது நிறையுமுன் மறைந்தவர் அவர். மறைந்து அரை நூற்றாண்டாகிவிட்டது. அவரைப் பற்றிய வழக்கு மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

வழக்கு இதுதான். அவருடைய முந்திய வாசிப்புச் சிறந்ததா, பிந்திய வாசிப்புச் சிறந்ததா? ஒருசாரார், நாதஸ்வரத்துக்கு நிழல்போல் நின்று வாசித்த இளமைக் காலமே பொற்காலம் என்பர். மறுசாரார், தனியாவர்த்தனத்திலே தவிலைத் தனிப்பெரும் வாத்தியமாக நிமிர்த்திக் காட்டிய பிற்காலமே பெரிது என்பர். இரு சாராரும் சான்றாக எடுத்து வைப்பவை ஒலிநாடாக்களே. நேரிற் கேட்டவர்கள் வரவரக் குறைந்துகொண்டு வருகின்றமையால், நாடாவே இன்று சாட்சி. அந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையே இப்பேச்சில் ஆராய விரும்புகின்றேன்.

இவ்வகை வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. மேலைத் தேசங்களிலே 1960களின் பிற்பகுதியில், ரொக் இசையை நெடிய வடிவங்களுக்கு விரித்த குழுக்கள் சில தோன்றின. கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலக் குழு தன் முதல் இசைத்தட்டை 1969இல் வெளியிட்டது. அந்த முதல் தட்டுக்கு ஈடாகப் பின்னர் எதுவும் வரவில்லை என்று சொல்லும் இரசிகர்கள் இன்றும் உளர். பிங்க் புளொயிட் குழுவிலிருந்து சிட் பரெற் 1968இல் விலகினார். அவர் இருந்த காலமே காலம் என்று வாதிடுவோரும், அவர் போன பின்னரே குழு முதிர்ச்சியடைந்தது என்போரும் இன்னும் ஓயவில்லை. அளவெட்டிச் சந்தியிலும் இலண்டனிலும் மனித இயல்பு ஒன்றே போலும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்கள் வாதிடும் தட்டு ஒவ்வொன்றுக்கும் வெளியான ஆண்டு உண்டு. வாசித்தவர் பெயர்கள் உறையிலே அச்சிடப்பட்டிருக்கும். முந்தியது எது, பிந்தியது எது என்பதிலே அங்கே ஐயமில்லை. நம்மவரோ, நாளும் இடமும் பெரும்பாலும் குறிக்கப்படாத நாடாக்களை வைத்துக்கொண்டு முந்தியது பிந்தியது என்று பேசுகின்றனர். வழக்கின் அடிப்படையே ஆட்டங்காணும் இடம் இது.

இதற்குக் காரணம் என்ன? தவில் என்ற வாத்தியம் இசைத்தட்டுக்கு இசையாத வாத்தியமாக இருந்தமையே முதற் காரணம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டிலே, பத்து அங்குலத் தட்டாயின், ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் மட்டுமே பதியலாம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இராகத் தட்டு, அவரை நேரிற் காணாதவர்களையும் அவருக்கு அடிமையாக்கியது என்றால், இராக ஆலாபனையைச் சுருக்கியும் சுவை கெடாது தரலாம் என்பது அதன் பொருள். பூ ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தாலும் மணம் இருக்கும். தனியாவர்த்தனம் அப்படியன்று. அது படிப்படியாகக் கட்டியெழுப்பப்படுவது. அரைமணி நேரம் ஏறிச் செல்லும் கோபுரத்தை மூன்று நிமிடத்தில் எவ்வாறு காட்டுவது? ஆகவே நாதஸ்வரத் தட்டுகளிலே தவில் பெரும்பாலும் பின்னணியிலேயே ஒலித்தது. மேலைநாட்டு ரொக் குழுக்களுக்கு 1948இல் வந்த எல்.பி. தட்டு கைகொடுத்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடங்கிடைத்தபடியால், பிங்க் புளொயிட் 1971இல் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உருப்படியால் நிரப்ப முடிந்தது. நம்முடைய தவிலுக்கு அவ்வாய்ப்பு அருமையாகவே கிடைத்தது. தவிலின் நெடிய வாசிப்பைக் காப்பாற்றித் தந்தவர்கள் தட்டுக் கம்பனிக்காரர்களல்லர். திருவிழா இரவுகளிலே ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து சென்ற இரசிகர்களே.

இனி வாத்தியத்தைச் சற்று நோக்குவோம். பலா மரத்தைக் குடைந்து செய்த கூட்டின் இரு புறமும் தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வலந்தலையை விரல்களிற் கூடு அணிந்த கை வாசிக்கும். தொப்பிப் பக்கத்தைக் கழி அடிக்கும். திறந்த வீதியிலே, ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும், தேர் வடம் பிடிக்கும் ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும் என்று அமைந்த வாத்தியம் இது. அதன் ஒவ்வொரு சொல்லும் வெடித்தெழுந்து கணத்தில் அடங்குவது. இந்தத் திடீர் எழுச்சியைச் சாதாரண ஒலிவாங்கியும் நாடாவும் தாங்கமாட்டா. நாடாவின் காந்தப் பூச்சு ஓர் அளவுக்கு மேல் ஏற்க மறுக்கும். அப்போது வல்லின அடியும் மெல்லின அடியும் ஒரே மட்டமாகத் தட்டைப்பட்டுவிடும். ‘இந்த நாடாவிலே சொல் தெளிவில்லை’ என்று குறைகூறும்போது, தெளிவின்மை விரலிலா கருவியிலா என்று முதலிற் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது கருவியிலேதான்.

அடுத்தது வேகம். நாடா இரசிகர்களிடையே மிகக் கூடுதலான பூசலுக்குக் காரணமாவது இதுவே. சுருள்நாடாக் கருவிகள் வினாடிக்கு 7½ அங்குலம், 3¾ அங்குலம் என்ற வேகங்களில் ஓடின. 1963இலே பிலிப்ஸ் கம்பனி அறிமுகஞ்செய்த கசெற் அதன் பாதியான 1⅞ அங்குல வேகத்தில் ஓடுவது. ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குப் படியெடுக்கும்போது, மோட்டார் சிறிது தளர்ந்தாலும் இறுகினாலும் வாசிப்பின் காலப்பிரமாணம் மாறும்; கூடவே சுருதியும் மாறும். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். அரைமணித் தனியாவர்த்தனம் ஏறக்குறைய 28 நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்பவர் ‘ஆகா, என்ன துரிதம்!’ என்று வியப்பார். வியப்பிற் பாதி வித்துவானுக்கும் பாதி மோட்டாருக்கும் உரியது.

இதனைக் கண்டுபிடிக்க வழியில்லையா என்றால், உண்டு. தவிலின் சுருதியை நம்புவதிற் பயனில்லை. தோலின் இறுக்கமும் வானிலையும் அதனை மாற்றும். நாதஸ்வரத்தைக் கவனிக்க வேண்டும். உயர்ந்த சுருதியில் ஒலித்த திமிரிக்குப் பதிலாக, நீளங்கூடிய பாரி நாதஸ்வரத்தை வழக்கத்திற் கொணர்ந்தவர் இராஜரத்தினம் பிள்ளை. பாரி பொதுவாக இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் நிற்பது. நாடாவிலே பாரி நாதஸ்வரம் நான்குக்கு ஏறிக் கேட்குமாயின், அந்நாடா விரைந்து ஓடுகின்றது என்று கொள்ளலாம். அதனை இறக்கிச் சரிசெய்த பின்னரே துரிதத்தைப் பற்றிப் பேச வேண்டும். சுருதிப்பெட்டி ஒன்று கையில் இருந்தால் எவரும் செய்யக்கூடிய சோதனை இது. வாதத்திற் செலவிடும் நேரத்திற் பத்திலொன்று போதும்.

மூன்றாவது, கணக்கு. யாழ்ப்பாணத்து இரசிகர் தொடையிலே தாளம் போட்டுக்கொண்டு கேட்பவர். கோர்வை சமத்தில் விழுந்ததா என்பதைக் கொண்டு வித்துவானை மதிப்பிடுபவர். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை நான்கு நான்காகப் பகுத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. பத்து மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை மூன்று முறை வாசித்து, இடையிடையே ஒவ்வொரு மாத்திரை விட்டால், பத்தும் ஒன்றும் பத்தும் ஒன்றும் பத்துமாக 32 நிறைந்து, அடுத்த சமத்திலே கச்சிதமாக வந்து இறங்கும். இது மிக எளிய கணக்கு. வித்துவான்கள் இதிலிருந்து எத்தனையோ காதம் சென்றுவிடுவர். ஆனால் எளிதோ அரிதோ, ஒரு மாத்திரை பிசகினால் எல்லாம் பிசகு.

இப்போது நாடாவை நினையுங்கள். அட்சரத்துக்கு ஒரு வினாடி என்ற நடையிலே ஒரு மாத்திரைக்குக் கால் வினாடி. கசெற்றிலே கால் வினாடி என்பது ஏறக்குறைய 1.2 சென்ரிமீற்றர் நாடா. ஒரு விரலின் அகலத்துக்குச் சற்றுக் குறைவு. கருவிக்குள் நாடா சிக்கி, அறுந்து, அறுந்த இடத்தை வெட்டி ஒட்டியவர் எவராயினும் விரலகலத்தை இழந்திருப்பார். அதோடு ஒரு மாத்திரை போயிற்று. கோர்வை சமத்துக்கு முந்தி விழுந்தாயிற்று. ‘தட்சணாமூர்த்தியும் கணக்குத் தவறியிருக்கிறார் பாருங்கள்’ என்று இந்த ஒட்டை ஆதாரங் காட்டுவது எவ்வளவு அநியாயம்! அத்தகைய இடத்திலே நாதஸ்வர ஒத்தின் தொடர்ச்சியையோ, தாளக்காரரின் சிஞ்சாவையோ கூர்ந்து கேட்டால், அங்கே ஒரு துள்ளல் தெரியும். துள்ளல் இருந்தால் குற்றம் கத்திரிக்கோலுடையது.

நாடாக்கள் இந்நிலைக்கு வந்தமைக்கு நம் நாட்டு வரலாறும் காரணம். 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990 முதற் பல ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. அக்காலத்திலே துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னைக்கொண்டு வானொலியும் பாட்டும் கேட்டார்கள். சுழற்றுபவர் கை தளர்ந்தால் பாட்டும் தளரும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுவாசலைவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று தீர்மானிக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. அந்த நெரிசலிலே மூட்டைக்குள் அகப்பட்ட நாடா தப்பியது. அலுமாரியில் இருந்தது போயிற்று. தப்பியவற்றின் படிகள் கடல் கடந்து, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மறுபடி படியெடுக்கப்பட்டு, இன்று கைத்தொலைபேசியிலே கேட்கக் கிடைக்கின்றன. 2015ஆம் ஆண்டிலே அம்ஷன் குமார் தட்சணாமூர்த்தியைப் பற்றி ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். அதற்கு இந்திய தேசிய விருதும் கிடைத்தது. அதன் பின்னர் அவரை அறியாதவர்களும் அறியலாயினர்.

படியெடுத்தோரின் அன்பு ஒரு தீங்கையும் செய்திருக்கின்றது. தனியாவர்த்தனத்தை மட்டும் வெட்டியெடுத்து, நாதஸ்வரத்தை விட்டுவிட்டவர்கள் பலர். முன்பின் இல்லாத அத்துண்டுகளைக் கேட்டு வளர்ந்தவருக்குத் தட்சணாமூர்த்தி என்றால் மின்னல் வேகம் ஒன்றே. கீர்த்தனையின் அநுபல்லவிக்கு எவ்வாறு ஒதுங்கிக் கொடுத்தார், எங்கே வாசிக்காமல் விட்டார் என்பவை அத்துண்டுகளில் இல்லை. என் கருத்தைக் கேட்பின், தவில்காரரின் தரம் அவர் வாசிக்காமல் விட்ட இடத்திலேயே முதலில் தெரியும். ஆகவே முந்தியதா பிந்தியதா என்ற வழக்கிலே இருசாராரும் சமமான சான்றுகளை வைத்துப் பேசவில்லை. ஒருவர் நினைவிலுள்ள முழு இரவைப் பேசுகின்றார். மற்றவர் வெட்டிய துண்டைப் பேசுகின்றார். முழுச் சமாவையும் கொண்ட நாடா எங்கேனும் கிடைத்தால், துண்டைவிட அதற்கே மதிப்பு அதிகம்; அதன் ஒலி மங்கியிருந்தாலும் சரியே.

அத்தகைய நாடாவை வைத்திருப்போர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. முதலில், அதனை வெட்டாமல் முழுமையாகப் படியெடுப்பது. அடுத்து, நாடாவிலே தவிலைத் தவிர வேறென்ன கேட்கின்றது என்று குறிப்பது. ஒலிபெருக்கியிலே அறிவிப்பவர் கோயிலின் பெயரையோ உபயகாரரின் பெயரையோ சொல்லியிருக்கலாம். தேர்த் திருவிழாவா, பூங்காவனமா என்பது ஒரு சொல்லில் வெளிப்படலாம். நாதஸ்வரம் யாருடையது, பக்கத்திலே இரண்டாவது தவில் யாருடையது என்பவை தெரிந்தால், இன்னார் இன்னாருடன் சேர்ந்து வாசித்த காலம் எது என்று ஆண்டை நெருங்கலாம். இரண்டாவது தவிலின் கையைக் கேட்ட மாத்திரத்தில் இன்னாருடையது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இணுவிலிலும் அளவெட்டியிலும் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் முன்னிலையிலே நாடாவை ஓடவிட்டு, அவர்கள் சொல்வதை உறையின் மேல் எழுதி வைக்கலாம். எழுதும்போது பென்சிலால் எழுதுவது நல்லது. அடுத்த வீட்டு முதியவர் வேறொரு பெயர் சொல்லக்கூடும்.