இரண்டு மணி நேரம், யார் கணக்கில்?

பரம்பரை வீக்க நோயில் வீக்கம் கிளம்பியதும் விழுங்குவதற்கான முதல் மாத்திரைக்கு, 2025 ஜூன் 17ஆம் தேதிக்குள் முடிவு சொல்வதாக அமெரிக்காவின் எஃப்டிஏ கெடு குறித்திருந்தது. வேலைப்பளுவைக் காரணம் காட்டிக் கெடுவைத் தாண்டவிட்டு, ஜூலைத் தொடக்கத்தில் ஒப்புதல் கொடுத்தது. அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. நிவாரணம் கிடைக்க மாத்திரைக்கு 1.79 மணி, ஏற்கெனவே உள்ள ஊசிக்கு 2 மணி. அப்படியானால் மாத்திரைதானே வேகம்? இனி ஊசி எதற்கு?

கணக்கு தப்பு. இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. செய்தி வெளியிட்ட நிறுவனங்கள் பொய் சொல்லவில்லை. எதை அளந்தோம் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டார்கள், அவ்வளவுதான்.

துண்டு போட்ட இருக்கை

சி1 இன்ஹிபிட்டர் குறைபாடு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது, சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு இருப்பது போன்ற பாலபாடங்களுக்குள் போகவில்லை. இங்கே தேவைப்படுவது ஒரே பொருள்: பிராடிகைனின். இது ரத்த நாளச் சுவரைத் தளர்த்தி நீரைக் கசியவிடுகிறது. வீக்கத்துக்குக் காரணம் ஹிஸ்டமின் இல்லை என்பதால்தான் அலர்ஜிக்குக் கொடுக்கும் மாத்திரையும் ஸ்டீராய்டும் இங்கே எடுபடுவதில்லை.

ஊசி மருந்தின் பெயர் ஐகாட்டிபன்ட். ஃபிராசிர் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பிராடிகைனினில் ஒன்பது அமினோ அமிலங்கள். அதைப் பார்த்துச் செய்த இந்தப் போலியில் பத்து. அவற்றில் ஐந்து நம் உடலின் புரதங்களில் இல்லாதவை. அசல் பிராடிகைனினை நொதிகள் சில நொடிகளில் வெட்டிப்போட்டுவிடும். இந்த ஐந்து அந்நியத் துண்டுகளிடம் அவற்றின் கத்தி மழுங்குகிறது. அதனால் மருந்து ஒன்றரை மணி நேரம்போல் தாக்குப்பிடித்த பிறகே ரத்தத்தில் பாதியாகக் குறைகிறது. அதுவரை பிராடிகைனின் உட்கார வேண்டிய பி2 ஏற்பியில் இது இடம்பிடித்து வைக்கிறது. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவதுபோலத்தான்: துண்டு பயணம் போவதில்லை, அடுத்தவரை உட்காரவிடுவதுமில்லை.

இந்த மருந்து எதைச் செய்வதில்லை என்பதையும் கவனியுங்கள். பிராடிகைனின் உற்பத்தியை இது நிறுத்துவதில்லை. ஏற்கெனவே கசிந்து திசுவுக்குள் தேங்கிய நீரை வெளியேற்றுவதும் இல்லை. மேற்கொண்டு கசியாமல் அடைக்கிறது. தேங்கியதை உடல் தன் போக்கில் வாங்கிக்கொள்ள வேண்டும். 'தணியத் தொடங்கியது' என்பதற்கும் 'வடிந்துவிட்டது' என்பதற்கும் இடையே பல மணி நேரம் இருப்பது இதனால்தான். எண்களின் குழப்பமும் இந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

ஒரே ஊசி, நான்கு நேரம்

ஐகாட்டிபன்ட்டுக்கான முக்கியச் சான்றுகள் ஃபாஸ்ட் என்ற பெயரில் நடந்த மூன்று சோதனைகள். முதலாவதில் 56 பேர். ஒரு பிரிவுக்கு மருந்து, மறு பிரிவுக்கு மருந்தில்லாத ஊசி. நோயாளியை அதிகம் வருத்திய அறிகுறி குறிப்பிடும்படி தணிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தார்கள். மருந்துக்கு 2.5 மணி, போலி ஊசிக்கு 4.6 மணி. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றது புள்ளியியல். அதாவது, தானே வைத்துக்கொண்ட முதல் தேர்வில் மருந்து தேறவில்லை.

இரண்டாவது சோதனை ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் நடந்தது. அதில் எதிராளி டிரானெக்சாமிக் அமிலம். 2 மணிக்கு எதிராக 12 மணி, அபார வெற்றி. ஆனால் டிரானெக்சாமிக் அமிலம் திடீர் வீக்கத்தை அடக்கும் மருந்தாக யாரும் மெச்சும் ஒன்றல்ல. நோஞ்சானை வீழ்த்தியதற்குக் கோப்பை தருவதா?

2008 ஏப்ரலில் எஃப்டிஏ கைவிரித்தது. அதே ஆண்டு ஜூலையில், இதே சோதனைகளை வைத்து ஐரோப்பா ஒப்புதல் தந்தது. ஒரே மருந்து, ஒரே முடிவுகள், இரண்டு தீர்ப்புகள். 'அங்கீகரிக்கப்பட்டது' என்ற முத்திரைக்குப் பின்னால் இப்படியும் நடக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு வந்தது ஃபாஸ்ட்-3. இம்முறை அளவுகோல் வேறு. 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்று. ஒரு முனை 'ஒன்றுமே இல்லை', மறு முனை 'இதைவிட மோசமாக இருக்க முடியாது'. நோயாளி தன் நிலை எங்கே என்று கோட்டில் குறியிட வேண்டும். தோல் வீக்கம், தோல் வலி, வயிற்று வலி ஆகியவற்றின் கூட்டு மதிப்பெண் பாதியாகக் குறைய ஆன நேரமே இந்தச் சோதனையின் முடிவு. மருந்துக்கு 2.0 மணி, போலி ஊசிக்கு 19.8 மணி. 2011 ஆகஸ்டில் எஃப்டிஏ ஒப்புதல் தந்தது.

முதல் சோதனையையும் ஃபாஸ்ட்-3ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்தின் நேரம் பெரிதாக மாறவில்லை: 2.5, 2.0. மாறியது மருந்தே இல்லாத ஊசியின் நேரம்: 4.6 மணி 19.8 ஆகியிருக்கிறது. நோயாளிகள் வேறு, அளவுகோல் வேறு, ஆட்களும் குறைவு. நூறு பேருக்கும் குறைவான சோதனையில் சிலர் தாமாகவே சீக்கிரம் தேறினாலும் போதும், கணக்கு சாய்ந்துவிடும். அபூர்வ நோய்க்கு ஆயிரம் பேரைத் திரட்ட முடியாது என்பது நியாயமான பதில்தான். ஆனால் ஆட்கள் குறைவு என்பதால் வர வேண்டிய தயக்கம் விளம்பரத்தில் இருப்பதில்லை.

இன்னும் நெருங்கிப் போவோம். ஃபாஸ்ட்-3 என்ற அந்த ஒரே சோதனையில், அதே ஊசிக்கு நான்கு நேரங்கள் பதிவாகியிருக்கின்றன. முதல் முன்னேற்றத்தை நோயாளி உணர 0.8 மணி. முதன்மை அறிகுறி தணியத் தொடங்க 1.5 மணி. கூட்டு மதிப்பெண் பாதியாக 2.0 மணி. கிட்டத்தட்ட முழுதும் சரியாக 8.0 மணி. நான்குமே உண்மை. இவையெல்லாம் சராசரிகூட அல்ல, இடைநிலை: பாதிப் பேருக்கு இதைவிட அதிக நேரம் ஆகியிருக்கிறது.

இப்போது மாத்திரைக்கு வருவோம். செபெட்ரால்ஸ்டாட் என்ற மருந்து. எக்டர்லி என்ற பெயரில் விற்கிறது. பிராடிகைனினை உண்டாக்கும் கல்லிக்ரீன் நொதியை, அதாவது ஒரு படி மேலே, தடுக்கிறது. இதன் சோதனையில் நோயாளியிடம் கேட்டது: 'மருந்து எடுத்தபின் எப்படி இருக்கிறது?' அடுத்தடுத்து இரண்டு முறை 'கொஞ்சம் பரவாயில்லை' என்று சொல்லிவிட்டால் நிவாரணம் தொடங்கியதாகக் கணக்கு. 600 மில்லிகிராமுக்கு 1.79 மணி, வெற்று மாத்திரைக்கு 6.72 மணி. ஆக, மாத்திரையின் 1.79 'கொஞ்சம் பரவாயில்லை' என்பதற்கான நேரம், ஊசியின் 2.0 'பாதி போய்விட்டது' என்பதற்கான நேரம். சரி, ஊசியின் 0.8ஐ எடுத்து வைத்து ஊசிதான் வேகம் என்று சொல்லலாமா? அதுவும் கூடாது. கேள்வி வேறு, நோயாளிகள் வேறு, ஒன்று மருத்துவமனையில் போட்டது, மற்றது வீட்டில் விழுங்கியது. இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டு வந்த எண்கள் இல்லை இவை.

சிவந்த தோல் சொல்லிவிடும் ரகசியம்

எனக்கு உறுத்தும் விஷயம் இன்னொன்று இருக்கிறது. ஐகாட்டிபன்ட் 3 மில்லி திரவம். தொப்புளுக்குக் கீழே, பக்கவாட்டில், தோலைப் பிடித்துத் தூக்கி, அரை நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெல்ல ஏற்ற வேண்டும். போட்டவர்களில் 97 சதவீதம் பேருக்கு அந்த இடம் சிவக்கும், தடிக்கும் அல்லது எரியும் என்கிறது மருந்தின் சொந்தக் குறிப்பேடு. பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆபத்து இல்லை.

ஆனால் சோதனைக்கு அது ஆபத்து. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, மருத்துவருக்கும் தெரியக் கூடாது என்பதுதானே ஏற்பாடு? வயிற்றில் சிவப்பாக ஒரு வட்டம் எரிந்தால் தனக்கு விழுந்தது அசல் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. எதுவும் எரியாதவரும் தன் பங்கை ஊகித்துவிடுவார். அதன் பிறகுதான் அவர் கையில் அந்த 100 மில்லிமீட்டர் கோடு தரப்படுகிறது.

இதனால் மருந்து பயனற்றது என்று ஆகிவிடாது. 20 மணி நேரத்தை 2 ஆக்க வெறும் நம்பிக்கை போதாது என்றே நினைக்கிறேன். ஏற்பியை அடைத்தால் கசிவு நிற்கும் என்பதும் உறுதியான அறிவியல். எண்ணின் கூர்மையைத்தான் நான் சந்தேகிக்கிறேன், மருந்தை அல்ல.

மற்ற கேள்விகள்

தொண்டை வீங்கினால்? கையில் உள்ள மருந்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு. முதல் இரு சோதனைகளிலும் தொண்டை வீங்கியவர்களுக்குப் போலி ஊசி போடவில்லை, அது சரியும்கூட, எனவே அந்த 2 மணி தொண்டைக்கான வாக்குறுதி அல்ல.

ஒரு ஊசி போதவில்லையென்றால்? ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது.

வீக்கம் வராமலே தடுக்குமா? தடுக்காது; அதற்கான மருந்துகள் தனி.

குழந்தைகளுக்கு? ஐரோப்பாவில் இரண்டு வயது முதல், எடைக்கேற்ற அளவில். அமெரிக்காவில் 18 வயதுக்கு மேல்.

பிரெஷர் மாத்திரையால் உதடு வீங்கியவருக்கு? எனலாப்ரில், ராமிப்ரில் வகை மருந்துகளும் பிராடிகைனினைத் தேங்கவிடுபவைதான். ஆனால் அவர்களிடம் ஐகாட்டிபன்ட்டைச் சோதித்ததில் 2015இல் வந்த சிறிய ஆய்வு ஆகா என்றது, 2017இல் வந்த பெரிய ஆய்வு பலனில்லை என்றது.

பரம்பரை வீக்கம் உள்ளவர் அந்த மாத்திரைகளைச் சாப்பிடலாமா? வேண்டாம், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

நம் மருத்துவமனைகளில் பிளாஸ்மா ஏற்றுகிறார்களே? வேறு வழியில்லாதபோது ஏற்றுவதுதான். அதில் நோயாளிக்குக் குறைவாக உள்ள சி1 இன்ஹிபிட்டரும் இருக்கிறது, பிராடிகைனினுக்கான கச்சாப்பொருளும் இருக்கிறது, அதனால் சிலருக்கு வீக்கம் கூடலாம்.

ஃபிரிட்ஜ் வேண்டுமா? 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். நம் ஊர் வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவுதான் பத்திரம், உறைய மட்டும் விடாதீர்கள்.

விலை? அமெரிக்காவில் ஒரு ஊசி ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றது. 2019 ஜூலையில் டேவா நிறுவனத்தின் ஜெனரிக்குக்கு அங்கே ஒப்புதல் கிடைத்தது.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்? மேலே சொன்ன அத்தனை எண்களும் மருந்து உள்ளே போன பிறகு ஓடத் தொடங்கிய நேரம். வீக்கம் தொடங்கியதிலிருந்து மருந்து கைக்கு வரும் வரையிலான நேரம் எதிலும் இல்லை. இரண்டு முறைக்குப் போதுமான மருந்து எப்போதும் உடன் இருக்க வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். ஆகவே 'எத்தனை மணியில் சரியாகும்?' என்பதைப் பிறகு கேட்கலாம். 'மருந்தை எங்கே வைத்திருப்பது, நள்ளிரவில் யார் போடுவது, அந்த நபருக்குப் போடக் கற்றுத்தருவீர்களா?' என்று முதலில் கேளுங்கள்.