வழிகாட்டியின் பின்னால் நான்கு நாட்கள்

பேசாலையில் பிறந்த ஒரு பிள்ளைக்கு மலை என்பது பாடப்புத்தகத்தில் உள்ள படம்தான். எமது கடற்கரையில் நின்று சுற்றிப் பார்த்தால் ஆலயக் கோபுரமும் பனைகளும், அண்மைக் காலமாகக் காற்றாலைகளுமே உயர்ந்து தெரியும். ஆற்றைக் காண வேண்டுமானாலும் தீவை விட்டுப் பெருநிலத்திற்குத்தான் போக வேண்டும். இப்படியான ஊரிலிருந்து இருபத்திரண்டு இளைஞர் யுவதிகளை ஒரு மலைக்கும் ஒரு மழைக்காட்டிற்கும் அழைத்துச் செல்லும் எண்ணம் எமக்கு ஏன் வந்தது?

எமது இளைஞர் கூட்டமொன்றில் எழுந்த கேள்வியே அதற்குக் காரணம். "பாதர், வெளியில இருந்து வாற ஆக்கள் தலைமன்னாருக்கு எங்கட ரோட்டாலதான் போகினம். மணல் திட்டையப் பார்க்கினம், படம் எடுக்கினம், திரும்பிப் போகினம். எங்களுக்கு மிச்சம் அவை விட்டிட்டுப் போற பிளாஸ்டிக் போத்தல்தான்" என்றார் ஒரு தம்பி. கடற்றொழில் குடும்பம் அவருடையது. இழுவைப் படகுகளால் வலையை இழந்த குடும்பங்களில் அதுவும் ஒன்று. இதற்குக் கூட்டத்தில் வைத்தே பதில் சொல்ல எம்மால் முடியவில்லை. வருகிறவர்களை ஊர் மக்களே வழிநடத்தி அழைத்துச் செல்லும் இடங்களை நேரில் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பிள்ளைகள் ஆறு மாதங்களாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார்கள்.

பணத்தைச் சேர்ப்பதிலும் பார்க்கப் பெற்றோரின் சம்மதத்தைப் பெறுவதே கடினமாக இருந்தது. 2006ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் திகதி, அடைக்கலம் தேடி மக்கள் நிறைந்திருந்த எமது ஆலயத்திற்குள் நடந்த தாக்குதலைக் கண்ணால் கண்டவர்கள் இன்றும் இவ்வூரில் வாழ்கிறார்கள். ஒரு தாய் எம்மிடம் நேராகவே கேட்டார்: "சுவாமி, குமர்ப்பிள்ளையை அவ்வளவு தூரம், பாசை தெரியாத ஆக்களுக்குள்ள எப்பிடி விடுறது?" அந்தப் பயத்தை அலட்சியம் செய்ய எமக்கு உரிமை இல்லை. உபதேசியாரின் மனைவியும் உடன் வருவதாகச் சொன்ன பின்னரே அத்தாய் அரைமனதோடு தலையசைத்தார்.

ரிட்டிகல மலையில்

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை புறப்பட்டு, மதவாச்சி, அநுராதபுரம் வழியாக, ஹபரணைக்குச் செல்லும் வீதியிலிருந்து பிரிந்து ரிட்டிகல மலையடிவாரத்தை அடைந்தோம். வறண்ட சமவெளியின் நடுவே 766 மீற்றர் உயரத்திற்குத் தனித்து எழும் மலை அது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது தவறி விழுந்த துண்டு இது என்று அவ்வூர் மக்கள் சொல்வார்கள். இராமர் அணையின் இக்கரையில் வாழும் எமது பிள்ளைகளுக்கு இக்கதை உடனே பிடித்துக்கொண்டது.

மலைச்சரிவில் காட்டிற்குள் ஒரு பழைய துறவி மடத்தின் இடிபாடுகள் உள்ளன. 9ஆம் நூற்றாண்டில் முதலாம் சேனன் என்ற அரசன், பாம்சுகூலிகர் எனப்பட்ட துறவிகளுக்காக இதனை அமைத்துக் கொடுத்தான். பிறர் வீசியெறிந்த துணிகளையும் சுடுகாட்டுத் துணிகளையும் தைத்து உடுத்தவர்கள் இவர்கள். எமக்கு வழிகாட்டியவர் அடிவாரக் கிராமத்தைச் சேர்ந்த நடுத்தர வயதினர். பண்டா பொக்குண என்னும் பெரிய குளத்தின் கற்படிகளிலிருந்து நடையைத் தொடங்கினோம். அங்கிருந்து கல் பாவிய பாதையொன்று மரங்களுக்கிடையே மேலேறுகிறது. ஓடையைக் கடக்கக் கற்பாலம், மூலிகை அரைத்த கல்லும் எண்ணெய்க் குளியலுக்கான கல்தொட்டியும் உள்ள வைத்தியசாலை, கல்லால் இணைக்கப்பட்ட இரட்டை மேடைகள் என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

"சிலை ஒன்றையும் காணவில்லையே?" என்று ஒரு தங்கை கேட்டார். கொழும்பில் வேலை செய்து சிங்களம் பழகிய தம்பி ஒருவர் அதனை மொழிபெயர்த்தார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே விளக்கினார். இத்துறவிகள் ஆடம்பரத்தை வெறுத்தவர்கள். தூபியோ சிலையோ சித்திர வேலையோ அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அலங்காரச் செதுக்கல் இருப்பது சிறுநீர் கழிக்கும் கற்களில் மட்டுமே. நகரத்து மடங்களின் செல்வச் செழிப்பின் மீது அவர்கள் காட்டிய வெறுப்பே அது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இதைக் கேட்டுப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். துறவறம் பூண்ட எமக்கோ அது சிறிது குத்தவும் செய்தது.

சோழப் படையெடுப்புகளின் காலத்தில் இம்மடம் கைவிடப்பட்டது என்று சொல்லப்படுகிறது என அவர் தொடர்ந்தபோது எமது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். சற்று நின்று, யுத்த காலத்தில் தமது கிராமத்தவர்களும் இரவானால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டிற்குள் போய்ப் படுத்த நாட்களைப் பற்றிச் சொன்னார். "நாங்கள் மடுவுக்குப் போனது போல" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்த்த தம்பி அதையும் சிங்களத்தில் சொன்னார். அதற்குமேல் அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மலையுச்சிக்குப் போக எமக்கு அனுமதியில்லை. 1941ஆம் ஆண்டு முதல் அம்மலை இறுக்கமாகப் பாதுகாக்கப்பட்ட இயற்கை ஒதுக்கிடமாகும். கீழே வெயில் காய்ந்தாலும் உச்சியில் மேகம் தங்குவதால், தெற்கிலும் மலைநாட்டிலும் வளரும் ஈரவலயத் தாவரங்கள் சில அங்கே வளர்கின்றன. அந்த ஈரவலயக் காடு முழுமையாக எப்படி இருக்கும் என்பதைக் காணவே மறுநாள் தெற்கு நோக்கிப் பயணமானோம்.

சிங்கராஜ வனத்தில்

இரத்தினபுரி, கலவானை கடந்து குடாவ கிராமத்தை அடைந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. அங்கே ஆண்டு மழைவீழ்ச்சி 3,600 மில்லிமீற்றருக்கும் அதிகம். மன்னாரில் எமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றரே. நாம் தங்கிய வீட்டின் பின்புறம் ஓடை ஓடியது. எமது யுவதிகள் அதன் கரையில் நெடுநேரம் நின்றார்கள். கிணற்று நீர் உவராகி, குடத்தோடு வரிசையில் நிற்கப் பழகியவர்கள் அவர்கள். "இவ்வளவு தண்ணியும் சும்மா போகுது" என்று ஒருவர் சொன்னது இன்னும் எமது காதில் இருக்கிறது.

மறுநாட் காலை காலுறைகளில் உப்புத் தடவிக்கொண்டு காட்டிற்குள் நுழைந்தோம். ஆயினும் அட்டைகள் எம்மை விடவில்லை. அங்கு வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே செல்ல முடியாது. எமக்கு வந்தவர் அவ்வூர் விவசாயி. எமது பிள்ளைகள் மரியாதையாக அவரை "ஐயா" என்று அழைத்தார்கள். சிங்களத்தில் "அய்யா" என்றால் அண்ணன். அவர் மகிழ்ந்து பிள்ளைகளை "மல்லி", "நங்கி" என்று தம்பி தங்கையாகவே அழைக்கத் தொடங்கினார். இரு தரப்பும் ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் விளங்கிக்கொண்டும் உறவு கெடவில்லை.

இக்காட்டின் மரவகைகளில் அறுபது வீதத்திற்கும் மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. பூச்சியைப் பிடித்துண்ணும் குடுவைச் செடியையும், பச்சை விரியனையும், பலவகைப் பறவைகள் ஒன்றுசேர்ந்து இரைதேடிச் செல்லும் கூட்டத்தையும் அவர் காட்டினார். எமது கண்களுக்கு வெறும் இலையாகத் தெரிந்ததெல்லாம் அவர் விரல் நீட்டிய பின்னரே உயிராகத் தெரிந்தது. ஒரு தம்பி பாட்டியின் மூட்டுவலிக்கென்று மரமஞ்சள் கொடியொன்றின் சிறு துண்டை ஒடித்துப் பையில் வைத்துவிட்டார். வழிகாட்டி கோபிக்கவில்லை. அதை வாங்கி, ஒடித்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தார். தம்பியின் முகம் வாடிப்போனது.

பின்னர் ஓய்வெடுக்கையில் அவரே பேச்சைத் தொடங்கினார். நாம் நடந்து வந்த அகலமான பாதை மரம் ஏற்றிய வண்டிகளுக்காக வெட்டப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இக்காட்டில் மரம் வெட்டத் தொடங்கினார்கள். அறிஞர்களும் பொதுமக்களும் தொடர்ந்து எதிர்த்ததால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமை ஆனது. "என் தகப்பன் மரம் வெட்டிக் கூலி வாங்கியவர். வெட்டு நின்றதும் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மரமஞ்சள், பிரம்பு எடுக்கவும் தடை வந்தது. காட்டைக் காப்பாற்றினார்கள், எங்களை மறந்துவிட்டார்கள் என்று அப்பா சாகும்வரை சொல்வார்" என்றார். வழிகாட்டி வேலையும், தங்குமிடமும், கித்துள் கருப்பட்டி விற்பனையும் பின்னர்தான் வந்தன. இன்று காட்டிற்குள் யாராவது கத்தியோடு நுழைந்தால் முதலில் தகவல் சொல்வது தாமே என்றும் சொன்னார்.

இதனை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சட்டம் காட்டிற்கு வேலி போட்டது. அந்த வேலிக்கு வெளியே நின்ற மனிதனுக்கும் காட்டினால் சோறு கிடைத்தபோதுதான் அவன் காவலனானான். இடையில் கழிந்த பசி நாட்களுக்கு இன்றுவரை யாரும் கணக்குச் சொல்லவில்லை.

காட்டின் எல்லையில் இன்னொன்றையும் கண்டோம். முன்னர் நடப்பட்ட பைன் மரங்களின் நிழலில் உள்நாட்டு மரக்கன்றுகள் வளர்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க ஆகிய பேராசிரியர்கள் பல ஆண்டுகள் ஈடுபட்ட ஆய்வின் பயன் இது. அழிந்த காட்டை மீண்டும் வளர்க்க ஒரு தலைமுறைக் காலம் போதாது என்பதையும் அங்கேயே தெரிந்துகொண்டோம்.

எமது தீவுக்குத் திரும்பிய பின்

கடைசி இரவில் ஒரு பெரிய தாளை விரித்து, "எமது ஊருக்கு வருகிறவருக்கு நாம் எதைக் காட்டுவோம்?" என்று கேட்டோம். முதலில் தயங்கினார்கள். பின்னர் தாள் போதவில்லை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய மன்னார்க் கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், வங்காலைச் சரணாலயத்தின் பூநாரைகள், கடலரிப்பால் இடிந்து விழும் அரிப்புக் கோட்டைப் பகுதியின் ஆளுநர் மாளிகை, கரைவலை, பனங்கட்டி, கருவாட்டு வாடி என எழுதினார்கள். "இடிஞ்ச கட்டடம் எங்களிட்டயும் இருக்குது பாதர், ஆனா அதின்ர கதை எங்களுக்குத் தெரியாது" என்றார் ஒருவர். அதனால், முதல் வேலையாக ஒவ்வொருவரும் ஓர் இடத்தின் கதையை ஊர்ப் பெரியவர்களிடமும் நூல்களிலும் தேடி அறிவதென்று தீர்மானித்தோம். பூநாரைகள் இரைதேடும் இடத்திற்கு யாரையும் கிட்ட அழைத்துச் செல்வதில்லை என்பதும், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்பதும் அவர்களே வைத்த விதிகள்.

இது உல்லாசப் பயணத் தொழில் பற்றிய கனவு அல்ல. பத்துப் பேருக்குப் பகுதிநேர வருமானம் கிடைத்தாலே பெரிய காரியம். கடற்றொழிலின் இடத்தை அது ஒருபோதும் பிடிக்காது. ஆனால் எமது தீவைப் பற்றி வேறிடங்களில் முடிவுகள் எடுக்கப்படும் காலம் இது. காற்றாலை, கனிம மணல் என்று திட்டங்கள் வருகின்றன. 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்ட விடத்தல்தீவின் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்பிற்காக விடுவிக்கும் வர்த்தமானி அறிவித்தல் 2024இல் வெளிவந்தது. அது நீதிமன்றம்வரை போயிற்று. தன் மண்ணில் என்ன இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டத் தெரிந்த மக்களாலேயே, அது போகப்போகிறது என்னும் வேளையிலும் எழுந்து பேச முடியும். வழிகாட்டிப் பயிற்சியை நாம் விரும்புவது முக்கியமாக இதற்காகவே.

புறப்படும்போது குடாவ வழிகாட்டி, தாம் இதுவரை மன்னார்க் கடலைக் கண்டதில்லை என்றும், ஆவணியில் மடுத் திருவிழாவிற்கு வரும் தம் ஊர்க் கத்தோலிக்க நண்பர் ஒருவரோடு வரலாம் என்றும் சொன்னார். ஊர் திரும்பியதும், மகளை அனுப்பத் தயங்கிய தாயிடம் இதைச் சொன்னோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மகள் கொண்டுவந்த கித்துள் கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டுப் பார்த்து, "எங்கட பனங்கட்டி மாதிரி இல்ல, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். பின், "அந்த ஆள் வந்தா முன்கூட்டியே சொல்லுங்கோ சுவாமி, மீன் வாங்கி வைக்கோணும்" என்றார்.

அன்பு வாசகர்களே, உங்கள் ஊர்களிலும் இளையோர் உண்டு. இடிந்த கட்டடமும், குளமும், காடும், கடலும் உண்டு. அவற்றின் கதையைச் சொல்லத் தெரிந்த முதியோர் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள்? இந்த மாதமே அவர்களிடம் போய் உட்காருங்கள், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு.