மூன்று குவியல்! ஒன்று உழைத்தவனுக்கு!

மனிதன் மனம் வைத்து உழைக்க வேண்டுமா? அவன் பங்கு அவன் கண் எதிரே இருக்கவேண்டும். இந்தப் பாடத்தைக் கடல் சொல்லிக் கொடுத்தது!

திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர் ஆலந்தலை. இது "முத்துக்குளித்துறை" என்று பெயர் பெற்ற கரையில் இருக்கிறது. இந்தக் கரையைச் சேர்ந்த பரதவர்கள், தூத்துக்குடிக் கடலிலும் இலங்கைக் கடலிலும் முத்துக் குளித்தார்கள்.

ஒரு நிமிட வேலை

காலில் கல்லை மாட்டிக்கொண்டு, குளிப்பவர் கடலில் இறங்குவார். ஆழம் பல பாகம் இருக்கும். ஒரு பாகம் என்றால் 6 அடி. மூச்சை அடக்கிக்கொண்டு, சுமார் ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் போடவேண்டும். கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார்.

கீழே சுறா மீன் பயம். இப்படி ஒரு நாளில் பல முறை இறங்க வேண்டும். இதற்குச் சம்பளம் எவ்வளவு?

சம்பளமே கிடையாது!

எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் கூலி.

1905-ம் ஆண்டு இலங்கையில் மரிச்சுக்கட்டிக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. அந்த ஒரு பருவத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பிகள் கிடைத்தன. படகு கரைக்கு வந்ததும், குளித்தவர்களே சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எது தங்களுக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதிகாரிதான் அதைக் காட்டுவார். இரண்டு குவியல் சர்க்காருக்கு. ஒன்று அவர்களுக்கு.

அப்புறம் ஏமாற்ற முடியுமா? ஒரு குவியலைச் சிறிதாக்கினால், அதுவே தங்கள் தலையில் விழலாம்! அதனால் மூன்றும் ஒரே அளவாக இருந்தன.

பங்கைக் கையோடு வெளியே கொண்டுபோய் விற்றுப் பணமாக்கிக் கொள்ளலாம். அதிகச் சிப்பி எடுத்தால் அதிகப் பணம். அதனால் "இறங்கு, இறங்கு" என்று யாரும் விரட்டவேண்டிய அவசியம் இல்லை.

கயிறு யார் கையில்?

பணம் மட்டும் போதுமா? போதாது. குளிப்பவரின் உயிர் கயிறு பிடிப்பவர் கையில் இருந்தது. அதனால் மைத்துனன் கையில் கயிற்றைக் கொடுப்பது வழக்கம் என்று சொல்வார்கள். தங்கை வாழ்வு கெடும்படி மைத்துனன் விடுவானா? அந்த நம்பிக்கை இருந்தால்தான் ஆழத்தில் கை நிதானமாக வேலை செய்யும்.

பங்கு கொடுத்ததால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. படகிலேயே சிப்பியைத் திறந்து முத்தை மறைத்தவர்களும் இருந்தார்கள். காவல் போடவேண்டி வந்தது. ஒரு பங்கு உழைத்தவனுக்கு, இரண்டு பங்கு சர்க்காருக்கு என்றால், மனக்குறை இல்லாமல் இருக்குமா?

தூத்துக்குடியில் 1961-ம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் பங்கு முறை போகவில்லை. இந்தக் கரையில் மீன் பிடிக்கும் படகுகளில் இன்றும் செலவு போக மிச்சத்தைப் பங்கு போடுகிறார்கள்.

ஆலை ஆனாலும் சரி, கடை ஆனாலும் சரி, கணக்கு ஒன்றுதான். பங்கு நியாயமாக இருக்கவேண்டும். கயிறு நம்பிக்கையான கையில் இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் வேலை தானே பெருகும், தரமும் உயரும்!